பம்ப்பில் எத்தனை மிச்சம்?

உயிலங்குளத்தில் தொய்வுக்காரர் உள்ள வீடுகளில், மருந்தை உள்ளிழுக்கும் பம்ப் முடிந்துவிட்டதா என்று பார்க்கப் பொதுவாக மூன்று வழிகளைக் கையாளுவார்கள். காதோரம் வைத்துக் குலுக்குவது ஒன்று. காற்றில் ஒரு பஃப் அடித்துப் பார்ப்பது இன்னொன்று. குப்பியைக் கழற்றித் தண்ணீர்க் கோப்பையில் போட்டு, மிதக்கிறதா அமிழ்கிறதா என்று பார்ப்பது மூன்றாவது. மூன்றும் பிழையான விடையையே தரும். மூன்றாவது வழியால் பம்ப்பே பழுதாகவும் கூடும். வால்வுக்குள் தண்ணீர் புகுந்தால் அடுத்த பஃப்பின் அளவு குழம்பிவிடும்.

காரணம் குப்பிக்குள் இருக்கிறது. சல்பியூட்டமோல் பம்ப் ஒன்றில் 200 பஃப். ஒவ்வொன்றிலும் 100 மைக்ரோகிராம் மருந்து. எல்லாம் சேர்ந்து 20 மில்லிகிராம்தான், ஒரு சிட்டிகை உப்பின் எடைகூட வராது. மீதி ஏறக்குறைய முழுவதும் அழுத்தத்தால் திரவமாக அடைபட்டுக் கிடக்கும் உந்துவாயு. கடைசி பஃப் வரை அளவு பிசகாமல் வர வேண்டுமென்றால் உந்துவாயுவைச் சற்றுக் கூடுதலாகவே நிரப்ப வேண்டும். ஆகவே 200 தாண்டிய பிறகும் குப்பி விசிறிக்கொண்டே இருக்கும். அதே சத்தம், அதே புகார், தொண்டையில் அதே குளிர். மருந்து மட்டும் ஒரு முறை கொஞ்சம் வரும், மறுமுறை வராமலே போகும். இந்த வித்தியாசத்தைக் கண்ணாலோ காதாலோ பிடிக்க எவராலும் முடியாது. பல ஆண்டு அனுபவமுள்ள மருத்துவத் தாதியாலும் முடியாது.

இது அமெரிக்காவில் ஆராய்ந்து பார்க்கப்பட்டது. நோயாளிகள் பம்ப் முடிந்ததை எப்படி அறிகிறார்கள் என்று ரூபின், டுரொடோயே இருவரும் கேட்டு 2004 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 72 சதவீதத்தினர், அமுக்கும்போது சத்தம் நிற்கும்வரை பாவிப்பதாகச் சொன்னார்கள். 2006 இல் நான்சி சான்டரும் அவரது சக ஆய்வாளர்களும் வெளியிட்ட தொலைபேசி ஆய்வு இன்னும் கனமானது. மூச்சுத் திணறல் வந்து பம்ப்பை எடுத்தபோது அது வெறுமையாக இருந்ததாக நாலில் ஒருவர் சொல்லியிருந்தார். எத்தனை பஃப் போயிருக்கிறது என்று கணக்கு வைக்கும்படி அவர்களில் பெரும்பாலானோருக்கு எவருமே சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

உயிலங்குளம் மன்னார்–மதவாச்சி வீதியில், கட்டுக்கரைக்குளத்து நீர் பாயும் வயல் நாட்டில் உள்ள ஊர். அறுவடைக் காலத்தில் வெட்டு மெஷின் கிளப்பும் சுனையும் தூசியும், எரியும் வைக்கோலின் புகை, விறகடுப்பு, சோளகக் காற்றில் எழும் புழுதி என்று இழுப்பைக் கிளப்பிவிட இங்கே காரணங்களுக்குக் குறைவில்லை. மாவட்டப் பொது வைத்தியசாலையோ தீவில், மன்னார் பட்டினத்தில் இருக்கிறது. தள்ளாடியைத் தாண்டி, கடலுக்குக் குறுக்கான பாதையால் போக வேண்டும். 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் 2018 இல் வட மாகாணத்துக்கும் வந்தது பெரிய ஆறுதல். ஆனாலும் முட்டு முற்றிய நேரத்தில் அம்புலன்ஸ் வரும்வரை உயிரைத் தாங்கிப் பிடிக்க வேண்டியது கையிலிருக்கும் பம்ப்தான். போர்க்காலத்தில் இரண்டு கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்கு நடுவே சோதனைச்சாவடியாக நின்ற இந்த ஊரில், மருந்தை எண்ணி எண்ணிப் பாவித்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. குளிசையை எண்ணலாம். குப்பிக்குள் அடைபட்ட பஃப்பை எண்ணுவதற்கு ஒரு கருவி வேண்டும்.

அந்தக் கருவியைத்தான் இந்தக் கட்டுரையில் எண்ணி என்று சொல்கிறேன். பம்ப்பின் பிளாஸ்டிக் உடலில் ஒரு சிறு ஜன்னல். அதில் 200 என்று தொடங்கி ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஒன்று குறையும் எண். பார்வைக்கு எளிமையாகத் தெரியும் இதைச் செய்து முடிப்பது கடினம். குப்பியை அமுக்கும்போது அது ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் கீழே இறங்குகிறது. அந்தச் சிறு ஓட்டத்துக்குள் இரண்டு காரியம் நடந்தாக வேண்டும்: வால்வு திறந்து மருந்து வெளியேற வேண்டும், ஓர் ஊசி பற்சக்கரத்தை ஒரு பல் நகர்த்த வேண்டும். எது முந்துவது? மருந்து முந்தினால், அரைகுறையாக அமுக்கும் நோயாளிக்கு மருந்து போய்விடும், எண் மாறாது. அப்படிப் பலமுறை நடந்தால் ஜன்னலில் 15 என்று இருக்கும், குப்பியில் ஒன்றும் இருக்காது. எண் முந்தினால், மருந்து வராமலே எண் குறையும். சில பஃப் வீணாகப் போகும். வீண் போவதைத் தாங்கலாம், பொய் எண்ணை நம்பி இருப்பதைத் தாங்க முடியாது. ஆகவே வடிவமைப்பாளர்கள் எண்ணை முந்தவிடுகிறார்கள்.

இதில் சிக்கல் என்னவென்றால் குப்பிகள் எல்லாம் ஒரே உயரத்தில் அமைவதில்லை. வால்வின் தண்டு, அச்சில் வார்த்த பிளாஸ்டிக் எல்லாவற்றிலும் மில்லிமீற்றரின் பின்னக் கணக்கில் ஏற்றத்தாழ்வு இருக்கும். போதாததற்கு, வயதானவர்கள் குப்பியை நேராக அமுக்குவதில்லை. பெருவிரலின் பலம் ஒரு பக்கமாக விழ, குப்பி சாய்ந்து இறங்கும். சாய்ந்தால் ஊசி பல்லைத் தவறவிடும். தேவா என்ற மருந்து நிறுவனத்தின் ஆக்கவுரிமைகளில் ஒன்று இந்தச் சாய்வைத்தான் பிரச்சினையாக எடுத்துக்கொள்கிறது. குப்பி அசையாதபடி உட்சுவரில் ஒரு தாங்கல் அமைக்கப்படுகிறது. அந்தத் தாங்கலும், எண்ணியை இயக்கும் ஊசியும், மருந்து வெளியேறும் நடுத்துளையும் ஒரே தளத்தில் வர வேண்டும் என்பது அதன் உரிமைக்கோரிக்கை. எண்கள் அச்சிட்ட மெல்லிய நாடா ஒன்று, ஒரு சுருளிலிருந்து இன்னொரு சுருளுக்கு ஒவ்வொரு படியாக மாறுகிறது. வாசித்தபோது எனக்கு இந்த வேலையில் மதிப்பே உண்டானது. எவரோ பொறுமையாக உட்கார்ந்து, பலமில்லாத கைகளை மனதில் வைத்து யோசித்திருக்கிறார்.

பம்ப்பின் வரலாற்றில் எண்ணி மிகவும் பிந்தி வந்தது. அளவு பிடித்து விசிறும் முதல் பம்ப்பை அமெரிக்காவின் ரைக்கர் நிறுவனம் 1956 இல் விற்பனைக்கு விட்டது. அதன் தலைவர் ஜோர்ஜ் மெய்சனிடம், தொய்வு நோயுள்ள அவரது 13 வயது மகள், தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரே மாதிரி என் மருந்தையும் ஏன் அடைக்க முடியாது என்று கேட்டதிலிருந்து அது தொடங்கியது. சல்பியூட்டமோல், டேவிட் ஜாக்கின் குழு இங்கிலாந்தின் ஆலன் அண்ட் ஹன்பரிஸ் ஆய்வுகூடத்தில் 1966 இல் கண்ட மருந்து. 1969 இல் வென்டோலின் என்ற பெயரில் வந்தது. பம்ப்புகளில் எண்ணியோ காட்டியோ இருக்க வேண்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வழிகாட்டல் வெளியிட்டதோ 2003 மார்ச்சில். ஒவ்வொன்றாக எண்ணுவதையும், முடியப்போகும் நேரத்தில் நிறம் மாறிக் காட்டுவதையும் அது ஏற்றுக்கொண்டது. முதல் பம்ப்புக்கும் இந்த வழிகாட்டலுக்கும் இடையில் 47 ஆண்டுகள்.

இனி ஆக்கவுரிமை, அதாவது பேட்டன்ட். ஒருவர் புதிதாகக் கண்ட ஒன்றை ஊரறிய விவரித்து எழுதிக் கொடுக்கிறார்; பதிலுக்கு 20 ஆண்டுகளுக்கு அதை அவர் அனுமதியின்றி மற்றவர்கள் செய்யவோ விற்கவோ கூடாது என்ற உரிமையை அரசு கொடுக்கிறது. எண்ணிக்கு அப்படி ஓர் உரிமை கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஓர் எண்ணிக்கு உரிமை இருப்பதால் எல்லா எண்ணிகளும் தடைப்பட்டுவிடுவதும் இல்லை. கனடாவின் ட்ரூடெல் நிறுவனம் குப்பியின் தலையில் பொருத்தும் வகையை வடிவமைத்தது. வேறு வழிகளும் உண்டு. பிரச்சினை, எண்ணிக்குக் கிடைத்த உரிமையை எண்ணியோடு நிறுத்தாமல் மருந்துக்கும் நீட்டியதில் இருக்கிறது.

அமெரிக்காவில் 1984 இல் வந்த ஹட்ச்–வாக்ஸ்மன் சட்டத்தின் கீழ், ஒரு மருந்தைக் காக்கும் ஆக்கவுரிமைகளை நிறுவனம் உணவு மருந்து நிர்வாகத்தின் ஆரஞ்சுப் புத்தகம் எனும் பட்டியலில் பதியலாம். அதே மருந்தை மலிவாகச் செய்ய இன்னொருவர் விண்ணப்பித்தால், பட்டியலிலுள்ள ஆக்கவுரிமையைக் காட்டி வழக்குப் போட்டாலே போதும். வழக்கில் நியாயம் இருக்கிறதா என்று எவரும் பார்க்கும் முன்பே, விண்ணப்பத்துக்கான அனுமதி 30 மாதங்கள் வரை தானாகத் தள்ளிப்போகும். தேவாவின் புரோஎயார் என்ற சல்பியூட்டமோல் பம்ப்புக்கு 2004 இல் அனுமதி கிடைத்தது. 2012 இல் எண்ணி சேர்ந்தது. மருந்தின் மூலக்கூற்றுக்கான உரிமை எப்போதோ முடிந்து போயிருந்தது. பட்டியலில் நின்றவை எண்ணி, உடல், குப்பித் தாங்கல் போன்றவற்றின் மீதான ஆக்கவுரிமைகள். அம்னீல் நிறுவனம் மலிவுப் பம்ப்புக்கு விண்ணப்பித்தது. தேவா வழக்குப் போட்டது. அவற்றில் ஐந்து ஆக்கவுரிமைகள் பட்டியலில் இருக்கவே தகுதியற்றவை என்று அம்னீல் எதிர்வழக்காடியது; அமெரிக்க ஃபெடரல் வர்த்தக ஆணையமும் நீதிமன்றத்தில் அதே கருத்தை முன்வைத்தது.

நியூஜெர்சி மாவட்ட நீதிமன்றத்தில் நீதிபதி ஸ்டான்லி செஸ்லர் 2024 ஜூன் 10 இல், ஐந்தையும் பட்டியலிலிருந்து நீக்கும்படி உத்தரவிட்டார். ஃபெடரல் சுற்று மேன்முறையீட்டு நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பர் 20 இல் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. ஆக்கவுரிமை பட்டியலில் ஏற வேண்டுமென்றால் அது குறைந்தபட்சம் மருந்தின் செயற்கூற்றையாவது உரிமை கோர வேண்டும்; எண்ணியை மட்டும் கோரும் ஆக்கவுரிமை மருந்தைக் கோருவதாகாது என்பது நீதிமன்றத்தின் முடிவு. எண்ணியின் ஆக்கவுரிமைகள் செல்லாதவை என்று இங்கே எவரும் தீர்ப்பளிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தேவா இன்னும் அவற்றை வைத்து வழக்காடலாம். 30 மாத இலவசப் பூட்டு மட்டும் போய்விட்டது. என் பார்வையில் இது சரியான இடத்தில் போட்ட கோடு.

இந்தப் பழக்கம் ஒரு நிறுவனத்தோடு நிற்கவில்லை. வில்லியம் ஃபெல்ட்மன், ஆரன் கெசல்ஹைம் உள்ளிட்டோர் 1986 முதல் 2020 வரை அமெரிக்காவில் அனுமதி பெற்ற பம்ப்புகளை ஆராய்ந்து 2022 இல் ஹெல்த் அஃபெயர்ஸ் இதழில் எழுதினார்கள். வர்த்தகப் பெயருள்ள 53 பம்ப்புகளுக்குக் கிடைத்த பாதுகாப்பின் இடைநிலை அளவு 16 ஆண்டுகள். ஆக்கவுரிமைகளில் பாதிக்கு மேல் கருவியின் மீதானவை. அந்த 35 ஆண்டுகளில் புதிய விதமாக வேலைசெய்யும் மருந்து ஒன்றே ஒன்றுதான் வந்தது. ஓசோன் படலத்தைக் காக்க மொன்றியல் ஒப்பந்தத்தின்படி பழைய உந்துவாயு கைவிடப்பட்டபோதும் இப்படித்தான் ஆனது. 2008 முடிவில் அமெரிக்காவில் பழைய வகைச் சல்பியூட்டமோல் பம்ப்புகள் தடைசெய்யப்பட, புதிய ஆக்கவுரிமைகள் உள்ள பம்ப்புகள் மட்டுமே மிஞ்சின. நோயாளி ஒரு தடவைக்குத் தன் கையிலிருந்து கொடுத்த சராசரித் தொகை 2004 இல் 13.60 டொலர், தடைக்குப் பிறகு 25 டொலர்.

உயிலங்குளத்துக்கும் நியூஜெர்சிக்கும் என்ன தொடர்பு? ஆக்கவுரிமை நாட்டு எல்லைக்கு உட்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அமெரிக்காவில் பெற்ற உரிமை இலங்கையில் செல்லாது. இங்கே 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ், கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் தனியாக விண்ணப்பித்துப் பெற வேண்டும். ஆண்டுதோறும் கட்டணம் கட்டித்தான் 20 ஆண்டு வரை காக்கலாம். வேறு நாட்டில் முதலில் விண்ணப்பித்தவர் பாரிஸ் உடன்படிக்கையின்படி 12 மாதத்துக்குள், அல்லது இலங்கை 1982 முதல் சேர்ந்திருக்கும் ஆக்கவுரிமை ஒத்துழைப்பு ஒப்பந்த வழியாக 30 மாதத்துக்குள், இங்கு வர வேண்டும். வராவிட்டால் அந்த எண்ணி இங்கே எவரும் செய்யக்கூடிய, இறக்குமதி செய்யக்கூடிய பொருள். அதன் வரைபடங்களும் விளக்கங்களும் இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. உரிமை கேட்டவர் உலகத்துக்குச் செலுத்திய விலை அந்த விளக்கம். அதை வாசிக்கும் உரிமை மன்னாரில் பொறியியல் படிக்கும் பிள்ளைக்கும் உண்டு.

மருந்து விடயத்தில் இந்த நாட்டுக்கு நல்ல முன்னோடி ஒருவர் இருந்தார். பேராசிரியர் சேனக பிபிலே 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தைத் தொடங்கி, வர்த்தகப் பெயருக்கு விலை கொடுக்காமல் மருந்தின் பொதுப்பெயரில் மொத்தமாகக் கொள்வனவு செய்யும் முறையைக் கொண்டுவந்தார். பல வளரும் நாடுகள் அதைப் பார்த்துப் படித்தன. ஆனால் பம்ப்பில் மருந்தும் கருவியும் பிரியாமல் இருக்கின்றன. சல்பியூட்டமோல் 100 மைக்ரோகிராம் என்று பொதுப்பெயரில் கேட்டால், எண்ணி உள்ளதும் இல்லாததும் ஒரே பொருளாகக் கணக்காகும். விலை குறைந்தது வெல்லும். சுகாதார அமைச்சின் மருத்துவ வழங்கல் பிரிவு தேவையைக் கணக்கிடுகிறது, கூட்டுத்தாபனம் வாங்குகிறது. வாங்கும் பம்ப் ஒவ்வொன்றிலும் எண்ணியோ காட்டியோ கட்டாயம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கேள்விப்பத்திரத்தில் அசைக்க முடியாதபடி நிற்க வேண்டும். பிபிலேயின் கொள்கைக்கு இது மாறானதல்ல. மருந்து என்று எதை எண்ணுகிறோமோ அதற்குள் எண்ணியையும் சேர்ப்பது.

நம் பம்ப்புகளில் பல இந்தியாவிலிருந்து வருகின்றன, ஆகவே அந்த நாட்டுச் சட்டமும் நமக்கு முக்கியம். 1970 ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் 2005 வரை மருந்துப் பொருளுக்கு ஆக்கவுரிமை கொடுக்கவில்லை. செய்முறைக்கு மட்டும் கொடுத்தது. இந்திய மலிவு மருந்துத் தொழில் அதில்தான் வளர்ந்தது. இயந்திரக் கருவிகளுக்கோ அந்தக் காலத்திலும் உரிமை உண்டு. பம்ப்பின் மருந்து திறந்த வெளியில் நிற்க, கருவி வேலிக்குள் நிற்பது புதிய நிலைமை அல்ல. மருந்து அனுமதியை ஆக்கவுரிமையோடு முடிச்சுப் போடும் அமெரிக்க முறையை இந்தியாவிலும் கொண்டுவரக் கேட்டுப் பேயர் நிறுவனம் போட்ட வழக்கை டில்லி உயர் நீதிமன்றம் 2009 இல் நிராகரித்தது. சிப்லா போன்ற நிறுவனங்கள் எண்ணியுள்ள பம்ப்புகளைச் செய்யும் திறனை இன்று கொண்டிருக்கின்றன; அமெரிக்காவில் புரோவென்டில் என்ற சல்பியூட்டமோல் பம்ப்புக்கான முதல் பொதுப்பெயர் மாற்றுக்கு 2020 ஏப்ரலில் அனுமதி பெற்றதும் சிப்லாதான். நம் பக்கத்திலிருந்து கேட்டால் கிடைக்கும்.

எண்ணி வரும்வரை கையில் இருப்பதை வைத்துச் செய்யக்கூடியவையும் உண்டு. கிளினிக்கில் கொடுக்கும் தூள் கப்சூலில் இந்தப் பிரச்சினையே இல்லை: ஒரு கப்சூல், ஒரு தடவை, போத்தலைப் பார்த்தால் மிச்சம் தெரியும். டர்புஹேலர் என்ற தூள் கருவியைப் பாவிப்பவர்கள் குலுக்கிச் சத்தம் கேட்டு ஏமாறக்கூடாது. அது ஈரத்தை உறிஞ்ச வைத்த பொருளின் சத்தம், மருந்து தீர்ந்தாலும் கேட்கும். ஜன்னலில் வரும் சிவப்புக் கோட்டைத்தான் நம்ப வேண்டும். தினமும் காலையில் 2, இரவில் 2 என்று அடிக்கும் தடுப்பு மருந்துப் பம்ப்பில் 200 பஃப் 50 நாளுக்கு வரும். திறந்த திகதியையும் முடியும் திகதியையும் பாமசியிலேயே பேனையால் எழுதிக் கொடுக்கலாம். சல்பியூட்டமோல் உள்ள நீலப் பம்ப்புக்கு இந்தக் கணக்கு உதவாது. அது முட்டு வந்தால் அடிப்பது. ஒரு கிழமை தொடவே மாட்டார்கள், அறுவடைக் கிழமையில் ஒரே இரவில் 20 பஃப் போய்விடும். எண்ணி மிக அவசியமாகத் தேவைப்படுவது இந்தப் பம்ப்புக்குத்தான்.

அந்த எண் மருத்துவருக்கும் வேண்டியது. கிளினிக் நாளில் ஜன்னல் எண்ணைக் கொப்பியில் குறித்துவந்தால், போன மாதத்திலிருந்து எத்தனை பஃப் போனது என்று கழித்துப் பார்த்துவிடலாம். ஐக்கிய இராச்சியத்தில் தொய்வால் இறந்தவர்களைப் பற்றி 2014 இல் வெளிவந்த தேசிய மீளாய்வில், நிவாரணப் பம்ப் பெற்று எண்ணிக்கை தெரிந்திருந்தவர்களில் 39 சதவீதத்தினர் இறப்பதற்கு முந்திய ஆண்டில் 12 பம்ப்புக்கு மேல் பெற்றிருந்தார்கள். நீலப் பம்ப் அதிகமாகத் தீர்கிறது என்றால் தடுப்பு மருந்து போதவில்லை என்று அர்த்தம். உலக சுகாதார நிறுவனம் 2019 இல் தொய்வால் நிகழ்ந்ததாகக் கணித்த 4,55,000 மரணங்களில் பெரும்பாலானவை வருமானம் குறைந்த நாடுகளில்தான் நிகழ்ந்தன.

இப்போது உந்துவாயு மறுபடியும் மாறப்போகிறது. ஓசோனைக் கெடுக்காத இன்றைய வாயு பூமியை வெப்பமாக்குவது. 2016 இன் கிகாலி திருத்தம் அதைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறது. பெரிய நிறுவனங்கள் வேறு வாயுக்களோடு புதிய பம்ப்புகளைச் சோதித்து வருகின்றன. புதிய வாயுவுக்குப் புதிய வால்வு, புதிய குப்பி, அவற்றுக்கேற்ற எண்ணி, ஒவ்வொன்றுக்கும் ஆக்கவுரிமை விண்ணப்பம். விண்ணப்பங்கள் பொதுவாக 18 மாதத்தில் பகிரங்கமாகின்றன. எந்த நிறுவனம் எதைக் கோருகிறது, எந்த நாட்டில் கோருகிறது என்று அப்போது வாசிக்கலாம். இந்தியாவில் உரிமை வழங்கப்படும் முன்னரே எவரும் எதிர்ப்பு மனு கொடுக்க 25 ஆம் பிரிவு இடம் தருகிறது. நோயாளர் அமைப்புகள் மற்ற மருந்துகளுக்கு அதைச் செய்திருக்கின்றன. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள பல்கலைக்கழக மருந்தியல் துறைகளும் மருத்துவ வழங்கல் பிரிவும் சேர்ந்து இந்த விண்ணப்பங்களை இப்போதிருந்தே ஒவ்வொன்றாக வாசித்துவந்தால், பழைய பம்ப் சந்தையிலிருந்து போகும் நாளில் எதை எங்கிருந்து வாங்கலாம் என்ற பட்டியல் நம் கையில் இருக்கும்.